சொம்புக்குள் ஓர் ஆள்

ஒரு பித்தளைச் சொம்பு, இரண்டு கத்திரிக்காய், பாதியாக நறுக்கிய ஓர் எலுமிச்சம்பழம், பின்னால் தொங்கவிட்ட பழைய நீலக் கைலி. போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணிக்கு டிராயிங் மாஸ்டர் எங்கள் முன்னால் வைத்தது இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது மயிலாப்பூரில் தன் வீட்டு மொட்டைமாடியில் கொட்டகை போட்டு, தலை நரைத்த பிறகு ஆசை வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அன்றைக்கு ஆறு பேர் வந்திருந்தோம். நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் உட்கார்ந்தேன். ஓடுகிற குதிரையா, அழுகிற குழந்தையா? கத்திரிக்காய். எங்கே ஓடிவிடப் போகிறது?

ஓடிவிட்டது. எட்டரை மணிக்குள் அதன் நிழல் பாதியாகக் குறுகிவிட்டது. ஒன்பதரைக்குக் காம்பின் பச்சை மங்கி, நுனி சுருள ஆரம்பித்தது. எலுமிச்சையின் வெட்டு முகத்தில் இருந்த ஈரம் காய்ந்து, நான் பாடுபட்டு வைத்திருந்த வெள்ளைப் புள்ளிக்கு வேலையே இல்லாமல் போனது. பத்தரை மணிக்கு என் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். ஏழரை மணிக் கத்திரிக்காய்க்கு ஒன்பது மணி வெளிச்சத்தைப் பூசி, பத்து மணி நிழலை ஒட்டியிருந்தேன்.

நிறத்திலும் அடி சறுக்கியது. கத்திரிக்காய் என்றால் கத்திரிப்பூ நிறம் என்று டியூபைப் பிதுக்கி அப்படியே அப்பியிருந்தேன். மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். “கண்ணைச் சுருக்கிப் பாருங்க சார். கத்திரிக்காயே தெரியக் கூடாது. எங்க இருட்டு, எங்க வெளிச்சம், அது மட்டும் தெரியணும்.” சுருக்கிப் பார்த்தேன். மேலே வானத்தின் வெள்ளை. கைலிப் பக்கம் நீலம். எலுமிச்சை இருந்த பக்கத்தில் அடிவயிறு லேசாக மஞ்சள் பூத்திருந்தது. கத்திரிப்பூ நிறம் என்று சொல்லத் தக்கதாக இருந்தது ஒரு விரலகலம்தான். ஐம்பது வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிற காயை அன்றுதான் பார்க்கிறேன் என்று தோன்றியது.

சொம்பு இன்னும் மோசம். அதன் வயிற்றில் மொட்டைமாடி முழுக்க இருந்தது: கொட்டகையின் கால்கள், பக்கத்து வீட்டுத் தென்னை, கொடியில் காயும் துணி, கடுகளவில் ஆறு தலைகள். அதில் ஒரு வழுக்கைத் தலை குனிவதும் நிமிர்வதுமாக இருந்தது. அது நான்தான்.

“மாஸ்டர், இதையும் வரையணுமா?”

“உங்களுக்குத் தெரியுதில்ல? அப்ப வரைங்க.”

இந்த வகைப் படத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் ‘ஸ்டில்லெவன்’, அதாவது அசையாமல் இருக்கும் உயிர் என்றார்கள்; அதுதான் ஆங்கிலத்தில் ஸ்டில் லைஃப் ஆயிற்று. பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் இழவு வீட்டுக் குரலில் ‘செத்த இயற்கை’ என்கிறார்கள். தமிழில் ‘அசையாப் பொருள் ஓவியம்’ என்று எழுதிப் பார்க்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திரப் பதிவு அலுவலகம்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் மாடியில் எல்லோருக்கும் அது ஸ்டில் லைஃப்தான்.

பெயர் எதுவானாலும் மரியாதை மட்டும் கிடைக்கவில்லை. 1667-ல் ஆந்த்ரே ஃபெலிபியன் என்பவர் பிரெஞ்சு அகாடமியின் சார்பில் ஓவிய வகைகளுக்குத் தரவரிசை எழுதினார். புராணமும் சரித்திரமும் உச்சியில். பழமும் பாத்திரமும் கடைசிப் படியில். கடைசிப் படி என்பதால்தான் அங்கே சிலருக்கு இடம் கிடைத்தது. சரித்திரப் படம் வரைய மனித உடம்பைப் பார்த்து வரைந்து பழகவேண்டும். நிர்வாண மாடலை வைத்துப் பயில அந்தக் காலத்துப் பெண்களுக்கு அனுமதி கிடையாது. மிச்சம் இருந்தது சாப்பாட்டு மேஜை.

ஆண்ட்வெர்ப் நகரத்து ஓவியர் கிளாரா பீட்டர்ஸ் அந்த மேஜையை எடுத்துக்கொண்டார். 1600-களின் தொடக்கத்தில் வேலை செய்தவர். பாலாடைக்கட்டி, பாதாம், மீன், பூ, உப்புக் கிண்ணம் என்று தட்டு தட்டாக வரைந்தார். அவர் எப்படி வாழ்ந்தார் என்பது பற்றி ஏட்டில் இருப்பது மிகக் குறைவு. ஆனால் அவருடைய சில படங்களில் மேஜை விளிம்பில் ஒரு வெள்ளிக் கத்தி கிடக்கும். அதன் கைப்பிடியின் ஓரத்தில் எழுத்து வெட்டியிருக்கும்: கிளாரா பீட்டர்ஸ். நம் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல.

அதோடு நிற்கவில்லை அந்த அம்மாள். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ அருங்காட்சியகத்தில் 1612-ல் வரைந்த ஒரு படம் இருக்கிறது. பூச்சாடி, சங்கு, காசுகள், மூடி போட்ட இரண்டு தங்க முலாம் கோப்பைகள். ஒரு கோப்பையின் மேல் உருண்டை உருண்டையாகப் புடைப்புகள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு புடைப்பிலும் ஒரு மினுக்கம், அவ்வளவுதான். மூக்கு ஒட்டும் அளவுக்குக் கிட்டே போனால் அந்த மினுக்கங்களில் ஒரு பெண்ணின் உருவம், திரும்பத் திரும்ப. பீட்டர்ஸ்தான். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் திறந்தது 1819-ல். ஒரு பெண் ஓவியருக்கென்று அங்கே தனிக் கண்காட்சி முதன்முதலாக நடந்தது 2016-ல். அது கிளாரா பீட்டர்ஸுக்கு. இருநூறு வருஷத்துக்கு மூன்றே வருஷம் குறைவு. அவர் கோப்பைக்குள் காத்திருந்தது அதைவிட இருமடங்கு காலம்.

பீட்டர்ஸ் கோப்பையின் விஷயம் தெரிந்த பிறகு என் சொம்பின் மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. கத்திரிக்காயை மறந்து மூன்று ஞாயிறு அந்த வழுக்கைத் தலையோடு மல்லுக்கட்டினேன். நான் குனிந்து வரைந்தால் அவன் குனிகிறான். அவன் முகத்தைப் பார்க்க நிமிர்ந்தால் அவனும் நிமிர்கிறான். வரைகிற நிலையில் அவனைப் பிடிக்கவே முடியவில்லை. மாஸ்டர் சிரித்தார். “ஆள் வரையறதுன்னாலே அப்படித்தான்.”

பிரெஞ்சு ஓவியர் செசான் இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொன்னவர். ஆப்பிள் அழுகும்வரை பார்த்துப் பார்த்து வரைகிற மனிதர். 1899-ல் ஓவிய வியாபாரி வொல்லார் தன்னை வரையச் சொல்லி அவர் முன்னால் உட்கார்ந்தார். பெட்டிமேல் நாற்காலி போட்டு உட்காரவைத்தாராம். பாவம், வியாபாரிக்குக் கண் அசந்து நாற்காலியோடு உருண்டுவிட்டார். ஆப்பிள் இப்படி அசையுமா என்று செசான் எரிந்து விழுந்ததாக வொல்லாரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நூற்றுப் பதினைந்து தடவை உட்கார்ந்தும் படம் முடியவில்லை. சட்டையின் முன்பக்கம் பரவாயில்லை என்று மட்டும் சொல்லிச் செசான் நிறுத்திவிட்டார். பாரிஸில் பெத்தி பலே அருங்காட்சியகத்தில் அந்தச் சட்டையை இன்றும் பார்க்கலாம். முன்பு இந்தக் கதையைப் படித்தபோது செசானுக்குக் கிறுக்கு என்று நினைத்தேன். இப்போது வொல்லார்மேல்தான் கோபம் வருகிறது.

போட்டோக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒரு கிளிக்கில் வேலை முடிந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆதிக்கதை வேறு. புகைப்பட முன்னோடி டாகர் 1837-ல் எடுத்த படத்தில் இருப்பது பிளாஸ்டர் பொம்மைகளும் பிரம்பு சுற்றிய குடுவையும். மனிதர்கள் அவ்வளவு நேரம் ஆடாமல் நிற்கமாட்டார்களே. அடுத்த வருஷம் பாரிஸின் நெரிசலான ஒரு தெருவை ஜன்னலிலிருந்து எடுத்தார். குதிரை வண்டிகள், ஜனங்கள் எல்லாம் மாயமாகி, தகட்டில் பதிந்தது வெறும் தெரு. ஓர் ஓரத்தில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்றவர் மட்டும் தங்கிவிட்டார். காமிராவும் முதலில் பழகியது ஸ்டில் லைஃப்தான்.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. மெட்ராஸ் மாகாண அரசு 1856-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக அமர்த்தியது. மெழுகு தடவிய காகித நெகட்டிவோடு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று போனார். அவர் படங்களில் கோபுரம் நிற்கிறது, தெப்பக்குளம் கிடக்கிறது, ஜனங்கள்தான் அரிது. 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக்கினார். ராஜராஜன் காலத்துக் கல்லெழுத்து ஓடி ஒளியாதே. பொறுமையாக நின்று கொடுத்திருக்கிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று. காகித நெகட்டிவில் வானம் திட்டுத் திட்டாக வரும். டிரைப் அந்த நெகட்டிவிலேயே கையால் மேகம் தீட்டிவிடுவார். அரசாங்கத்துக்கு ஆதாரமாகக் கொடுத்த படத்தில் வானம் மட்டும் ஓவியம்!

இதை வீட்டில் சொன்னபோது மனைவி வேறு கேள்வி கேட்டாள். “அந்தக் கத்திரிக்காயை இன்னும் எத்தனை நாள் பாத்துக்கிட்டே இருப்பீங்க? நாளைக்கு எண்ணெய்க் கத்திரிக்காய் பண்ணப் போறேன்.” புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் வீட்டுக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். 1930-ல் கலிஃபோர்னியாவில் குடைமிளகாய்களாக எடுத்துத் தள்ளியவர். ஒன்றைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த முப்பதாம் எண் படம் உலகப் புகழ் பெற்றது. அப்படிப்பட்டவரே போஸ் கொடுத்த மிளகாய்களைச் சமைத்துச் சாப்பிட்டவர்தான். வாதம் அவள் பக்கம் போய்விட்டது. காய் நன்றாகவே இருந்தது.

இந்த மாதம் நகரில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் போனேன். முன்பெல்லாம் கண்காட்சி என்றால் முதலில் படத்துக்குப் பக்கத்து அட்டையைப் படிப்பேன், பிறகு படத்தை ஒரு பார்வை, பிறகு போனில் ஒரு கிளிக், அடுத்த படம். சாமான் சரிபார்க்கிற ஆள் மாதிரி. இப்போது அட்டையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். இங்கே அதையும் பார்த்துப் பயனில்லை. எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் ஆங்கிலம் தெரிந்தவருக்கும் புரியக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு எழுதியது. கூடவந்த ஆட்டோ ஓட்டுநரின் பையன், பிளஸ் டூ படிக்கிறவன், இரண்டு வரி படித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

உள்ளறையில் ஒரு சமையல்கட்டுப் படம். மூன்றடி அகலம் இருக்கும். சுவரில் அடித்த கம்பி ஸ்டாண்டு, அதில் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டு வரிசை, கீழே செருகிய தட்டுகள், கொக்கியில் தொங்கும் கரண்டிகள். ஒரு வருஷம் முன்னால் என்றால் நம் வீட்டில் இல்லாததா என்று கடந்திருப்பேன். சொம்போடு மல்லுக்கட்டியவன் அப்படிப் போக முடியுமா? ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு ஜன்னல், நெட்டுக்குத்தாக, ஊசி மாதிரி இழுபட்டு. ஜன்னல் இடது பக்கம் இருக்கிறது, கம்பி மூன்று. வெளியே ஏதோ பச்சை. அப்படியானால் எடுத்தவர் நேர் எதிரே நின்றிருக்கவேண்டும். எங்கே அவர்?

தேட விடவில்லை விளக்கு. மேலே பொருத்திய ஸ்பாட்லைட் படத்தின் கண்ணாடியில் பட்டு, நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. சுற்றி மிச்ச இடத்தில் என் முகமும் எதிர்ச்சுவர்ப் படங்களும். காசு செலவழித்து இவ்வளவு பெரிய பிரிண்ட் போடுகிறவர்கள் விளக்கைக் கொஞ்சம் திருப்பி வைக்கமாட்டார்களா? புலம்பிக்கொண்டே கிட்டே போனேன். என் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் கண்ணாடி அடங்கி, படம் தெளிந்தது. சரி என்று நிழலை டம்ளர் டம்ளராக நகர்த்தினேன். குனிந்தும் நிமிர்ந்தும் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பின்னால் ஒரு நடுத்தர வயது அம்மா நின்றுவிட்டார்.

“என்ன சார் தேடறீங்க?”

“எடுத்தவரை.”

இரண்டாம் வரிசையில் மூன்றாவது டம்ளரைக் காட்டினேன். ஜன்னல் கோட்டுக்குப் பக்கத்தில் முடி கனத்தில் ஒரு கறுப்பு, கீழே பிரியும் மூன்று கால்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு என்னை லேசாக நகரச் சொல்லிவிட்டு, தன் நிழலைக் கீழே கரண்டிப் பக்கம் கொண்டுபோனார்.

“அந்தக் குழிக்கரண்டியைப் பாருங்க. இங்கயும் நிக்கறார். தலைகீழா.”