நிலவில் இறங்கிய கலமும் நம் நாவில் உலவும் கதைகளும்

நீல் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் நடந்தபோது ஓர் ஓசையைக் கேட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் எகிப்துக்குச் சென்றபோது அதே ஓசை பள்ளிவாசல் மினாராவிலிருந்து ஒலித்தது. அது தொழுகைக்கான பாங்கு என்றறிந்து அவர் இஸ்லாத்தைத் தழுவினார். இக்கதையைக் கேளாத தமிழ் முஸ்லிம் குடும்பம் அரிது. பயான் மேடைகளில் சொல்லப்பட்டு, திண்ணைப் பேச்சில் வளர்ந்து, இன்று வாட்ஸ்அப் குழுக்களில் மாதந்தோறும் மறுபிறவி எடுக்கிறது. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்பவரும் 'சுப்ஹானல்லாஹ்' என்று உள்ளம் நெகிழ்கிறார். ஆனால், கதை உண்மையன்று.

'இருந்துவிட்டுப் போகட்டுமே, இதனால் மார்க்கத்துக்கு என்ன நட்டம்?' என்று கேட்போர் உண்டு. நட்டம் உண்டு, அதைச் சுமக்கப் போகிறவர்கள் நம் பிள்ளைகள். வாப்பா சொன்ன கதையை நம்பிப் பள்ளியில் போய்ச் சொல்லும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், அது பொய்யென்று இரண்டு நிமிடத்தில் கைப்பேசியில் கண்டுகொள்கிறான். அத்தோடு அவன் மனம் நின்றுவிடுவதில்லை. 'இது பொய்யென்றால், இதே நாவால் இவர்கள் சொன்ன மற்றவையோ?' என்ற அடுத்த கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியை அவன் நம்மிடம் கேட்பதுமில்லை.

ஆகவே, நிலவில் நடந்தது என்ன என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

எடையோடு நடந்த போராட்டம்

மனிதர்களை நிலவின் தரையில் இறக்கிய கலத்தை வடிவமைத்துக் கட்டும் பொறுப்பு 1962 நவம்பரில் கிரம்மன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நியூயார்க்கின் லாங் ஐலண்டிலுள்ள பெத்பேஜ் என்னும் ஊரில், தாமஸ் கெல்லி என்ற பொறியாளரின் தலைமையில் பணி நடந்தது. 'லூனார் மாட்யூல்' எனப்பட்ட அக்கலம், காற்றில் பறக்கவே தேவையற்ற ஒரு வாகனம். நிலவில் காற்று இல்லை. ஆதலால் இறக்கையும் கூர்முனையும் வேண்டியதில்லை. நான்கு கால்களோடு சிலந்தியைப் போலத் தோற்றமளித்த அது, பூமிக்குத் திரும்பி வருவதற்காகச் செய்யப்பட்டதன்று. மூன்று வீரர்களுள் ஒருவர் தாய்க்கலத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்க, இருவர் இதில் ஏறி இறங்குவர். பணி முடிந்ததும் மேலேறித் தாய்க்கலத்தோடு இணைவர்.

எரிபொருளோடு சேர்த்து ஏறத்தாழ 15 டன் எடை. அதற்கு மேல் கூடினால் பயணமே நடவாது. ஆகவே பொறியாளர்கள் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்த்தனர். இருக்கைகளை நீக்கினர்; வீரர்கள் நின்றுகொண்டே கலத்தை இறக்கினர். நின்றதனால் கண்கள் சன்னலுக்கு அருகில் வந்தன. சன்னலையும் சிறிதாக்க முடிந்தது. அறைச் சுவரின் உலோகத் தகடு சில இடங்களில் 0.3 மில்லிமீட்டர் அளவே தடித்திருந்தது. அந்த மெல்லிய தகட்டுக்கு உட்புறம் இரு உயிர்கள், வெளிப்புறம் வெற்றிடம்.

கலம் இரு பகுதிகளால் ஆனது. கீழ்ப்பகுதி இறக்கிவிட்டு நிலவிலேயே தங்கிவிடும். மேற்பகுதி தன் சொந்தப் பொறியால் எழும்பும். மேலேற்றும் அப்பொறிக்கு மாற்று கிடையாது. அது இயங்காவிட்டால் இருவரும் அங்கேயே மடிய வேண்டியதுதான். எனவே பழுதாகக்கூடிய உறுப்புகளை இயன்றவரை தவிர்த்தனர். எரிபொருளைத் தள்ள இறைக்கும் எந்திரம் வைக்காமல் ஹீலியம் வாயுவின் அழுத்தத்தைப் பயன்படுத்தினர். பற்றவைக்கும் கருவி வேண்டாதபடி, ஒன்றையொன்று தொட்ட மாத்திரத்தில் தாமே தீப்பற்றும் இரு திரவங்களைத் தேர்ந்தனர். ஆறு முறை நிலவிலிருந்து மேலெழ வேண்டியிருந்தது. ஆறு முறையும் அப்பொறி தவறவில்லை.

1969 ஜூலை 20 அன்று 'ஈகிள்' என்னும் கலத்தில் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் இறங்கினர். வழியில் கணினி பலமுறை எச்சரிக்கை ஒலித்தது. வேலை மிகுந்துவிட்ட நிலையில், அவசியமற்ற பணிகளைக் கைவிட்டு அவசியமானவற்றை மட்டும் செய்யும்படி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்த மென்பொருள் அவர்களைக் காத்தது. அம்மென்பொருளை எழுதிய குழுவின் தலைவி மார்கரெட் ஹாமில்டன். இறங்க வேண்டிய இடம் பாறைகள் நிறைந்த பள்ளமாக இருந்ததால், ஆம்ஸ்ட்ராங் கலத்தைத் தாமே செலுத்தி அப்பால் கொண்டுபோய், எரிபொருள் தீரும் தறுவாயில் தரையில் இறக்கினார்.

ஏறத்தாழ 21 மணி நேரம் அங்கே தங்கினர். புறப்படுவதற்கு முன்பே, மேலேற்றும் பொறியை இயக்கத் தேவையான மின்னிணைப்பின் பொத்தான் முறிந்து கிடப்பதை அவர்கள் கண்டனர். ஆல்ட்ரின் தம்மிடமிருந்த எழுதுகோலின் முனையை அவ்விடத்தில் செருகி அழுத்தி இணைப்பை ஏற்படுத்தினார். மெய்யாக நடந்த இவற்றுள் ஒன்றை நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்கள் கண்கள் விரியாதா? இவற்றை விட்டுவிட்டு, நடவாத ஒன்றைச் சொல்லவேண்டிய தேவை என்ன?

பாங்கும் பிளவும்

ஓசை பரவக் காற்று வேண்டும். நிலவின் தரையில் அது இல்லை. விண்ணுடைக்குள் இருந்தவர்கள் செவியுற்றதெல்லாம் வானொலி வழியே வந்த குரல்களும் தம் உடையின் காற்றோட்ட ஒலியுமே. அவர்கள் பூமியோடு பேசிய உரையாடல்கள் பதிவு செய்யப்பட்டு எவரும் படிக்கக் கிடைக்கின்றன. 1980களின் தொடக்கத்தில் இவ்வதந்தி பல முஸ்லிம் நாடுகளில் பரவியபோது, ஆம்ஸ்ட்ராங்கே விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று. 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு அதைத் தெரிவித்தது: அவர் இஸ்லாத்தைத் தழுவவில்லை; எம்மதத்தையும் அவமதிக்கும் எண்ணமும் அவருக்கு இல்லை. கண்ணியமான மறுப்பு அது. ஒரு மனிதர் தம்மைப் பற்றித் தாமே மறுத்த செய்தியை, 2012இல் அவர் மறைந்த பின்னும் அவர்மேல் சுமத்திக்கொண்டிருப்பது எவ்வகை நீதி? இல்லாததை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்வது புகழ்ச்சியாக இருந்தாலும் பொய்யே.

இதற்கு உடன்பிறந்ததாக இன்னொரு செய்தியும் உலவுகிறது. நிலவின் தரையில் நீண்ட கோடு ஓடும் ஒரு படத்தைக் காட்டி, 'சந்திரன் பிளந்த அற்புதத்தை நாசாவே உறுதி செய்துவிட்டது' என்கிறார்கள். அப்படம் 1969 மே மாதத்தில், தரையிறங்காமல் ஒத்திகை பார்த்துத் திரும்பிய அப்பல்லோ 10 பயணத்தில் எடுக்கப்பட்டது. கோட்டின் பெயர் ரீமா அரியடேயஸ். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுள்ள அது, இணையாக ஓடும் இரு பிளவுகளுக்கு நடுவே நிலப்பகுதி கீழிறங்கியதால் உண்டான பள்ளத்தாக்கு. அது நிலவைச் சுற்றி வளைத்து ஓடுவதுமில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சந்திரன் பிளந்த அற்புதத்தை நாம் நம்புவது திருக்குர்ஆனின் 'அல்கமர்' அத்தியாயத்தையும் ஆதாரபூர்வமான ஹதீஸ்களையும் கொண்டே. பதினான்கு நூற்றாண்டுகளாக உம்மத் அதை எந்தப் படமும் பாராமல் நம்பி வந்தது. வஹீயின் மீது நிற்கும் ஒன்றை, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு படத்தின் மீது கொண்டுபோய் நிறுத்தினால், படம் சரியும்போது எது சேர்ந்து சரியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நேர் எதிர்த் திசையிலும் ஒரு வதந்தி உண்டு. 'நிலவுக்கு எவருமே போகவில்லை. எல்லாம் படப்பிடிப்பு அரங்கில் நடந்த நாடகம்' என்பது அது. விந்தை என்னவெனில், இரண்டையும் ஒரே குழுவில் ஒரே வாரத்தில் அனுப்புவோரும் இருக்கிறார்கள்! அப்பல்லோ 11, 14, 15 பயணங்களில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்களில் லேசர் ஒளி இன்றும் பட்டுத் திரும்புகிறது. நிலவு ஆண்டுக்குச் சுமார் 3.8 செ.மீ. விலகிச் செல்வதை அதனால்தான் துல்லியமாக அளக்கிறார்கள். 2009 முதல் நிலவைச் சுற்றிவரும் எல்.ஆர்.ஓ. விண்கலம், ஆறு இடங்களிலும் கலங்களின் கீழ்ப்பகுதிகள் நிழலோடு நிற்பதைப் படமெடுத்துள்ளது. அமெரிக்க அரசின் கொள்கைகளை எதிர்ப்பது வேறு. கண்முன் உள்ள சான்றை மறுப்பது வேறு. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்பது நமக்கு மறையின் கட்டளை.

நபிகளார் காட்டிய வழி

மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் பாலகராக இறந்த நாளன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. நபிகளாரின் மகன் மறைந்ததற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். எவ்வளவு எளிதாக ஏற்கத்தக்க பேச்சு! அவர்கள் வாய்திறந்து எதுவும் சொல்லாமல் மௌனமாக இருந்திருந்தாலே போதும். அது அவர்களின் பெருமைக்குச் சான்றாக உலகெங்கும் பரவியிருக்கும். ஆனால், மகனை இழந்த துயரின் நடுவிலும் அவர்கள் மக்கள்முன் நின்று அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் சான்றுகள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கி, தொழச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

தம்மைப் போற்றிய பொய்யைக்கூட ஏற்காத தூதரின் உம்மத் நாம். அவர்கள் கொண்டுவந்த மார்க்கத்துக்குப் பெருமை சேர்க்கிறோம் என்று எண்ணி, அவர்கள் மறுத்த வழியிலேயே நாம் செல்லலாகுமா? ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரியுங்கள் என்று 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என நபிமொழி எச்சரிக்கிறது. 'அனுப்பியவர் அனுப்பினார், நானும் அனுப்பினேன்' என்பது மறுமையில் விடையாகாது.

நாம் சொல்லாமல் விட்ட உண்மை

அப்பல்லோ பயணங்களில் முஸ்லிம்கள் பெருமிதம் கொள்ளத்தக்க மெய்யான செய்தி ஒன்று உண்டு. 1938இல் எகிப்தின் ஸகாஸீக் நகரில் பிறந்த நிலவியலாளர் ஃபாரூக் அல்பாஸ், நாசாவுக்காகப் பணியாற்றிய பெல்காம் நிறுவனத்தில் 1967இல் சேர்ந்தார். நிலவின் ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கலங்கள் எங்கே இறங்க வேண்டும் என்பதைப் பரிசீலித்த குழுவின் செயலாளரானார். மேலிருந்து நிலவை எப்படிப் பார்ப்பது, எதைப் படமெடுப்பது என்று வீரர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர்கள் அவரை அன்போடு 'கிங்' என அழைத்தனர்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், நிலவின் பள்ளங்களுக்கே நம் முன்னோர் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன: அல்பத்தானி, அல்ஃபர்கானி, அல்சூஃபி, இப்னுல் ஹைதம், அல்பிரூனி, நஸீருத்தீன் தூஸி, உலுக் பேக். இவர்கள் இரவுகளை விழித்துக் கழித்தும், அளந்தும், கணக்கிட்டும், முன்னோர் பிழைகளைத் திருத்தியும் அப்பெயரைப் பெற்றவர்கள். கிடைத்த செய்தியை அப்படியே கடத்திவிட்டு அல்ல.

நடவாத பாங்கின் கதை நம் நாவெங்கும் இருக்கிறது. அல்பாஸின் பெயரோ நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. பொய் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உண்மைக்கு இடமில்லாமல் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வீட்டிலிருந்து தொடங்குவோம்

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுகளும் ஜுமுஆ மேடையில் பேசும் ஆலிம்களும் இக்கதைகள் ஆதாரமற்றவை என்று ஒரு முறை சொன்னால் போதும். மஹல்லா முழுவதும் திருந்தும். இத்தகைய செய்தியை அனுப்பும் பெரியவரைக் குழுவில் எல்லார் முன்னிலையிலும் நாணச் செய்ய வேண்டாம். தனியே, ஸலாம் கூறி, பணிவோடு எடுத்துரைப்போம். பிள்ளை வந்து 'இது மெய்யா?' என்று கேட்டால், அதட்டாமல், 'வா, இருவரும் தேடிப் பார்ப்போம்' என்று அமர்வோம். விசாரித்தறிவது மறையின் கட்டளை என்பதை அவன் ஏட்டில் படிப்பதைவிட, உம்மாவும் வாப்பாவும் செய்யக் கண்டு கற்பது மேலானது.

இன்றிரவு மாடிக்கு அழைத்துச் சென்று நிலவைக் காட்டுவோம். அங்கே ஆறு கலங்களின் கால்கள் இன்னும் ஊன்றி நிற்கின்றன என்று சொல்வோம். அவற்றை அங்கே கொண்டு சேர்த்தது, ஒவ்வொரு கிராமையும் ஒவ்வோர் இணைப்பையும் மெய்யா பொய்யா என்று சோதித்த மனிதர்களின் உழைப்பு. அந்த அறிவையும் அந்நிலவையும் படைத்தவன் அல்லாஹ். அவன் புகழைச் சொல்ல அவனுடைய மெய்யான படைப்பே போதும்.

வல்ல நாயன் நம் நாவுகளை உண்மையில் நிலைநிறுத்தி, நம் பிள்ளைகளின் ஈமானைத் தெளிந்த அறிவால் உறுதிப்படுத்துவானாக! ஆமீன்.