வண்டி மெதுவாகப் போனால் கரண்டை ஏற்றாதீர்கள்



இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் துபாயில் இருக்கும் என் பழைய மாணவர். இன்னொருவர் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கடை வைத்திருப்பவர். மூன்றாவது ஆள் என் தங்கை மருமகள். மூன்று வீட்டிலும் பிள்ளைக்குக் கரண்டில் ஓடும் ரயில் செட் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிய புதிதில் சீறிக்கொண்டு ஓடிய எஞ்சின், இப்போது ஊர்கிறது. கையால் தள்ளினால் கொஞ்ச தூரம் போகிறது, மறுபடியும் நிற்கிறது. "மோட்டார் போயிடுச்சு போல டீச்சர், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடவா?" என்று மூன்று பேரும் கேட்டார்கள்.

தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். சாவகாசமாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெதுவாக ஓடும் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். கரண்ட் வரும் வழியிலும் சக்கரம் சுற்றும் வழியிலும்தான் கோளாறு. அதைத் தேடாமல் திருகியை முழுக்கத் திருப்புவதும், பெரிய அடாப்டர் மாட்டுவதும், குப்பையில் போடுவதும் மூன்றுமே தப்பான வைத்தியம்.

இதை நம்ம ஊர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பக்கத்திலேயே பெரம்பூரில் ரயில்வே ஒர்க்ஷாப்புகளும், 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப்.பும் இருக்கின்றன. நம்மில் எத்தனையோ வீடுகளில் தாத்தாவோ அப்பாவோ அங்கே வேலை பார்த்தவர்கள். என் அப்பாவும் ஒர்க்ஷாப்பில் பிட்டர்தான். கோளாறு பார்ப்பதற்கு அவர் ஒரே ஒரு விதி சொல்வார்: "வெளியிலிருந்து உள்ளே வா." கண்ணுக்குத் தெரிவதை முதலில் பார், திறக்க வேண்டியதைக் கடைசியில் பார் என்று அர்த்தம். இந்த விதிப்படியே போவோம்.

முதலில் இந்த ரயில் எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். நான் சொல்வது இரண்டு தண்டவாளம் கொண்ட சாதாரண டி.சி. செட். ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். அதிகபட்சம் 12 வோல்ட் அளவில் வரும். அந்தக் கரண்டைச் சக்கரம் வாங்குகிறது. சக்கரத்தை உரசிக்கொண்டிருக்கும் மெல்லிய தகடு அதை மோட்டாருக்குக் கொண்டுபோகிறது. மோட்டாரில் கார்பன் பிரஷ், அதன் கீழே சுற்றும் கம்யூட்டேட்டர், அப்புறம் காயில், காந்தம். மோட்டார் சுற்றினால் பல்சக்கரம் வழியாகச் சக்கரம் சுற்றுகிறது. பிளஸ் மைனஸை மாற்றினால் வண்டி பின்னால் போகும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதானாலும் வெளியே தெரிவது ஒன்றே ஒன்றுதான்: வண்டி மெதுவாகப் போகிறது.

அதனால் முதல் கேள்வி, பழுது தண்டவாளத்திலா, எஞ்சினிலா? எஞ்சினைத் துணிமேல் தலைகீழாகப் படுக்க வையுங்கள். கன்ட்ரோலரிலிருந்து வரும் இரண்டு வயரையும், தண்டவாளத்தைத் தொடாமல், இரண்டு பக்கச் சக்கரங்களில் நேராகத் தொடுங்கள். சக்கரம் விர்ரென்று சுற்றினால் பெரும்பாலும் தண்டவாளத்தில் கோளாறு. அப்போதும் திணறினால் கன்ட்ரோலரையோ எஞ்சினையோ பார்க்க வேண்டும். வேறொரு எஞ்சின் அதே கன்ட்ரோலரில் நன்றாக ஓடினால் கன்ட்ரோலர் தப்பித்தது. ஐந்து நிமிட வேலை. பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தண்டவாளம்: நமக்குக் கடல் கூப்பிடு தூரத்தில். உப்புக் காற்று. எண்ணூர்ப் பக்கம் என்றால் அதோடு கரித்தூளும் சாம்பலும். ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறது என்று உங்களுக்கே தெரியும். பித்தளைத் தண்டவாளம் களிம்பு பிடிக்கும், இரும்பு துருவேறும். நல்ல செட்டுகளில் வரும் 'நிக்கல் சில்வர்' கொஞ்சம் தாங்கும். பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். எதுவானாலும் மேலே ஒரு கறுப்புப் படலம் படியும். அது கரண்டை மறிக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். அது எளிதில் தீப்பிடிக்கும். கரண்டை அணைத்துவிட்டு, அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளி வைத்துச் செய்யுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அது போடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு போய் உட்காரும்.

வண்டி வட்டத்தின் ஒரு பக்கம் வேகமாகவும் எதிர்ப்பக்கம் மெதுவாகவும் போனால் அதற்குக் காரணம் வேறு. கரண்ட் ஒரே இடத்தில் ஏறி, ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டு போகிறது. இணைப்புத் தகடுகளை இடுக்கியால் லேசாக இறுக்குங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், எதிர்ப்பக்கத்துக்குத் தனியாக இரண்டு வயர் இழுங்கள். எந்த வயர் எந்தத் தண்டவாளத்துக்கு என்று மாறிவிடக் கூடாது. நிஜ ரயிலிலும் இதுதான் கதை. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1,500 வோல்ட் டி.சி.யில் ஓடத் தொடங்கியது. அந்த முறையில் தூரம் போகப் போக அழுத்தம் குறையும். அதனால் வழியில் சப்ஸ்டேஷன் வைத்து ஊட்டித்தான் ஆகவேண்டும். 1960களில்தான் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறினார்கள்.

சக்கரம்: தரையில் ஓடும் ரயில், வீட்டிலுள்ள தலைமுடியையெல்லாம் அச்சில் சுற்றிக்கொள்ளும். நூல், பஞ்சு, முடி எல்லாவற்றையும் ஊசியாலும் இடுக்கியாலும் எடுங்கள். சக்கர விளிம்பில் படிந்த கறுப்பைப் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். கரண்ட் வாங்கும் தகடு சக்கரத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். முடி அளவு விலகியிருந்தாலும் வண்டி விட்டுவிட்டுத்தான் ஓடும்.

எண்ணெய்: நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய்தான். இதற்கு மட்டும் வேண்டாம். நாளாக நாளாகப் பிசுக்காகிப் பசைபோல ஒட்டும். பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு, உலோக அச்சு சுற்றும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய், அதுவும் ஊசிமுனையில் தொட்ட ஒரே ஒரு துளி. பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்கு அதற்கென்று விற்கும் கிரீஸ்தான் போடலாம். எண்ணெய் அதிகமானால் பிரஷ்ஷுக்கும் சக்கரத்துக்கும் போய் மறுபடியும் கரண்டை மறிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் மோட்டார். கம்யூட்டேட்டரை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, அதன் இடுக்குகளில் அடைந்த கரியைப் பல்குத்தும் குச்சியால் நீக்குங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பிரஷ்ஷை அழுத்தும் ஸ்பிரிங் குண்டூசித் தலை அளவுதான். பறந்துவிட்டால் கிடைக்காது, வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு உட்காருங்கள்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். இன்றைய சிறிய எஞ்சின் பொதுவாக அரை ஆம்பியருக்குக் குறைவாகத்தான் இழுக்கும். வண்டி மெதுவாக ஓடி, ஆம்பியரும் குறைவாக இருந்தால், வரும் வழியில் தொடர்பு சரியில்லை: அழுக்கு, தளர்ந்த தகடு, தேய்ந்த பிரஷ். மெதுவாக ஓடி, ஆம்பியர் அதிகமாக இருந்தால், ஏதோ இறுக்குகிறது: முடி, பசை, விரிசல் விட்ட பல்சக்கரம். அதுவும் இல்லையென்றால் காயிலோ காந்தமோ போயிருக்கலாம். அப்போதுதான் "மோட்டார் போச்சு" என்ற பேச்சே வரவேண்டும்.

பேட்டரியில் ஓடும் ரயிலுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண செல் 1.5 வோல்ட், சார்ஜ் ஏற்றும் செல் 1.2 வோல்ட். இரண்டு செல் போட்டால் 3 வோல்ட்டுக்குப் பதில் 2.4தான் கிடைக்கும். வண்டி கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். அது பழுதே இல்லை.

இப்போது, ஏன் கரண்டை ஏற்றக் கூடாது என்கிறேன்? தொடர்பு சரியில்லாத இடத்தில் அழுத்தத்தை ஏற்றினால் பொறி பறக்கும், கரி இன்னும் படியும். இறுகிப்போன எஞ்சினில் ஏற்றினால் காயில் சூடாகும், பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் உருகும். துடைத்தால் சரியாகியிருக்கும் வண்டி, உண்மையிலேயே கெட்டுவிடும். நோய் ஒன்று, அதை மறைக்க மருந்து இன்னொன்று, கடைசியில் மருந்தே நோயாகிவிடும்.

"டீச்சர், இவ்வளவு மெனக்கெடுவதற்குப் புதுசே வாங்கிடலாம், என் ஒரு நாள் சம்பளம்" என்று துபாய் மாணவர் சொன்னார். கணக்கு சரிதான்பா. ஆனால் அந்தக் கணக்கில் உன் பிள்ளை கற்றுக்கொள்வது வரவில்லையே. ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் மின்சுற்று என்று கரும்பலகையில் நான் படம் போட்டேன். சுற்று முழுமையானால் விளக்கு எரியும் என்று நீங்களும் எழுதி மார்க் வாங்கினீர்கள். அந்தப் பாடம் இந்த எஞ்சினுக்குள் உயிரோடு இருக்கிறது. எது காரணம் என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதுதான் அறிவியல். அதை எட்டு வயதுப் பிள்ளை ஒரு ரப்பரும் பஞ்சுக் குச்சியும் வைத்துக்கொண்டு செய்ய முடியும். சுவரில் செருகும் அடாப்டரை மட்டும் பிள்ளைகள் திறக்கக் கூடாது. அது 230 வோல்ட் சமாச்சாரம். ஆல்கஹாலும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். மற்றதைப் பிள்ளை செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பிட்டரும் வெல்டரும் மெக்கானிக்கும் நிறைந்த இந்த ஊரில், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திறந்து பார்க்காத தலைமுறை வளர்வது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஆசிரியை என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'மந்தம்' என்ற பெயரோடு என் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் உண்டு. காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பையன், விடியுமுன்னே அப்பாவோடு மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வருவான். முதல் பீரியடில் தூங்கிவிடுவான். ஒரு பெண்ணுக்குக் கரும்பலகையே தெரியவில்லை. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்ட பிறகு அந்த வருஷமே சரளமாகப் படித்தாள். இரண்டு பேருக்கும் மூளையில் எந்தக் குறையும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு டியூஷன், இன்னும் நாலு அடி, பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பீடு என்று கொடுப்பதும் கரண்டை ஏற்றுவதுதான்.

நம் வண்ணாரப்பேட்டையில் கல்லூரிக்குப் பெயராக நிற்கும் பிட்டி தியாகராயர், மாநகராட்சித் தலைவராக இருந்தபோது 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. 2022இல் அரசுப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. பசியோடு உட்காரும் பிள்ளைக்கு முதலில் சாப்பாடு. வட்டத்தின் தூரத்துப் பக்கத்துக்குத் தனி வயர் இழுப்பதுபோல, இவையும் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைதான்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை டிவியை அணைத்துவிட்டு, பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். ரப்பர், பஞ்சுக் குச்சி, இடுக்கி, வெள்ளைத் துணி. முதலில் தண்டவாளம், பிறகு சக்கரம், பிறகு எண்ணெய், கடைசியில் மோட்டார். எதில் கோளாறு இருந்தது என்று எனக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். பிள்ளையையே பேசச் சொல்லுங்கள், காரணத்தை அவன் வாயால் கேட்க வேண்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்