சும்மா இருப்பவர்களின் கணக்கு

களப்பணிக்குப் போகிற மாணவி முதல் நாளிலேயே கேட்டுவிடுகிற சொல் ‘சும்மா’. “என்ன வேலை பாக்குறீங்கக்கா?” என்று கேட்டால், “வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு, சும்மா வீட்லதான் இருக்கேன்” என்று பதில் வரும். பதில் சொல்கிறபோதே அந்த அக்காவின் கை முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருக்கும். காது குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கும். மாணவி ‘வேலை செய்யாதவர்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். படிவத்தில் அவளுக்கு வேறு கட்டம் தரப்படவில்லை.

அந்தக் கட்டத்தை மாற்றச் சொல்லி யார் போராடினார்கள், மாறியதில் எவ்வளவு நம் கைக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் என் கவலை. ‘பல்கலைக்கழக ஆய்வு சமூகத்துக்குப் பயன்பட வேண்டும்’ என்று பட்டமளிப்பு விழாவில் பேசாத துணைவேந்தர் இல்லை. அவர்கள் மனத்தில் இருப்பது காப்புரிமை, தரவரிசைப் பட்டியல், தொழில் நிறுவனங்களோடு ஒப்பந்தம். ஆனால் ஆய்வு அரசைப் பிடித்து உலுக்கிய வரலாறு ஒன்று இந்த நாட்டில் உண்டு. அதைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள். அந்த வரலாறு நமக்கு எந்தத் தாளிலும் பாடமாக இல்லை.

1971இல் இந்திய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அரசுக்குத் தானாக வந்த ஞானோதயம் இல்லை அது. ஐ.நா. சபை உறுப்பு நாடுகளிடம் அறிக்கை கேட்டிருந்தது, எதையாவது கொடுத்தாக வேண்டும். புல்ரேணு குகா தலைவர். அரசியல் அறிவியல் கற்பித்த வீணா மஜும்தார் பின்னர் உறுப்பினர் செயலராக வந்து சேர்ந்தார். டெல்லி பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் லோதிகா சர்க்கார் உறுப்பினர். இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் உதவியோடு நாடெங்கும் ஆய்வாளர்கள் தரவு திரட்டினார்கள். 1974 இறுதியில் ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கை தயாரானது. அதில் இருந்த ஒரு கணக்கு போதும்: 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள்; 1971இல் 930 பெண்கள். விடுதலை கிடைத்தது, அரசியலமைப்புச் சட்டம் சமத்துவம் தந்தது, பிரதமரே ஒரு பெண். அத்தனைக்கும் நடுவில் பெண்கள் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். உழைப்பாளர் தொகையிலும் அவர்கள் பங்கு சரிந்திருக்கிறது. இந்த எண்கள் எங்கும் ஒளித்துவைக்கப்படவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை அரசே அச்சடித்து வெளியிட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் இருந்தன. ஏன் குறைந்தோம் என்று அந்த எண்களைப் பார்த்துக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

அதே அறிக்கையில் இன்னொன்றும் நடந்தது. சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டாம் என்று குழுவின் பெரும்பான்மை முடிவெடுத்தது. வீணாவும் லோதிகாவும் அதை ஏற்காமல் தங்கள் எதிர்க்கருத்தைத் தனியாக எழுதிச் சேர்த்தார்கள். 1993இல் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு, 2016இல் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதிக்குப் பாதி, 2023இல் நாடாளுமன்ற ஒதுக்கீட்டுச் சட்டம் என்று காலம் அந்தச் சிறுபான்மைக் கருத்தின் பக்கம்தான் நகர்ந்தது.

1978இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமிக்கு இழைத்த பாலியல் குற்றங்களுக்காக உயர் நீதிமன்றம் தண்டித்திருந்த இரண்டு காவலர்களை அது விடுவித்தது. அவள் உடம்பில் காயம் இல்லை, எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்றது. 1979 செப்டம்பரில் நான்கு சட்ட ஆசிரியர்கள், உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர், தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். பணிந்து போவது வேறு, சம்மதிப்பது வேறு என்பதுதான் அதன் சாரம். பெண்கள் அமைப்புகள் அந்த மடலைக் கையில் எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்தன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்புணர்வில், சம்மதிக்கவில்லை என்று அவள் சொன்னால் நீதிமன்றம் அதை உண்மை என்றே முதலில் கொள்ள வேண்டும் என்றானது. நிதிநல்கை இல்லை, திட்ட அறிக்கை இல்லை. வகுப்பில் தீர்ப்புகளைப் பாடம் நடத்துகிறவர்கள் ஒரு தீர்ப்பைத் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இன்று ஓர் உதவிப் பேராசிரியர் அப்படி ஒரு மடல் எழுதினால் மறுநாள் காலை நடத்தை விதிகளைக் காட்டி அவருக்கு ஓலை வரும் என்பதை இதைப் படிக்கிற ஆசிரியைகள் அறிவார்கள்.

சும்மா இருப்பவர்களின் கதைக்கு வருகிறேன். 1970களின் நடுவில் தேவகி ஜெயினும் அவருடைய சக ஆய்வாளர்களும் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் சில கிராமங்களுக்குப் போனார்கள். என்ன வேலை என்று கேட்பதோடு நிற்காமல், விடிந்ததிலிருந்து படுக்கும்வரை யார் என்ன செய்கிறார்கள் என்று நேரத்தைக் குறித்தார்கள். கணக்கெடுப்பில் வேலை செய்யாதவர்கள் என்று பதிவான பெண்கள் மாட்டுக்குத் தழை அறுத்தார்கள், விறகு பொறுக்கினார்கள், தானியம் புடைத்தார்கள். கேள்வியை மாற்றினால் நாட்டின் கணக்கே மாறும் என்று அன்று தெரிந்தது. பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் விடாமல் வற்புறுத்தியதால் 1991 கணக்கெடுப்பில், குடும்ப நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலியில்லாமல் செய்யும் வேலையையும் சேர்த்தே சொல்லும்படி கேள்வி திருத்தப்பட்டது. 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வெள்ளோட்டமாக நடந்தது. நாடு முழுவதற்குமான முதல் கணக்கெடுப்பு வர 2019 ஆகிவிட்டது. ஒரு நல்ல கேள்வி கிராமத்திலிருந்து டெல்லிக்கு நடந்துபோக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

2019 கணக்கு சொல்வது: 100 பெண்களில் 81 பேர் அன்றாடம் கூலியில்லா வீட்டுவேலை செய்கிறார்கள், ஆண்களில் 26 பேர். செய்கிற பெண்களுக்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம். செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம். (இந்தச் சராசரியையும் அப்படியே விழுங்க வேண்டாம். ஒரு வீட்டு அம்மாவின் நிமிடங்கள் குறைகிற இடத்தில், குறைந்த கூலிக்கு இன்னொரு பெண் அந்த வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருப்பாள். அவள் யார் வீட்டுப் பெண், எந்தச் சாதி என்று நிமிடக் கணக்கு தானாகச் சொல்லாது.)

நீதிமன்றங்கள் இந்த ஆய்வுகளைப் படித்தன. 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசிக்கான இழப்பீட்டு வழக்கில், வீட்டுவேலைக்கு மதிப்புப் போடும் வழிகளை விரிவாக எடுத்துப் பேசினார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதே பாதையில் போய், வீட்டைக் கவனிக்கும் பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே வகையில் சேர்க்கிற மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கண்டித்தது. 2023இல் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவன் பெயரில் வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்பும் கலந்திருக்கிறது, அவளுக்குச் சமபங்கு உண்டு என்றார். நல்லது. ஆனால் விபத்தில் செத்த பிறகோ வழக்குக்குப் போன பிறகோதான் ஒரு பெண்ணின் உழைப்புக்கு விலை கிடைக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததில் அரை நூற்றாண்டு பெண்ணிய ஆய்வின் நிழல் விழுந்திருக்கிறது. இதை இலவசம் என்று ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய பணம் வருவது என்னவென்று, ஐம்பது ரூபாய்க்குக் கணக்குச் சொல்லி வாழ்ந்தவளுக்குத் தெரியும்.

ஆனாலும் கணக்குப் போடுவோம். 299 நிமிடத்தை முப்பது நாளால் பெருக்கினால் ஏறக்குறைய 150 மணி நேரம். 1,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு ஆறு ரூபாய் எழுபது காசு. டீ கூட வாங்க முடியாது. அதுவும் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகள் உண்டு. உழைப்பு அவளுடையது, தகுதி குடும்பத்துடையது. வீட்டுவேலைக்கான அங்கீகாரம் என்றால் கணவனின் சம்பளத்தைப் பார்த்து ஏன் தர வேண்டும்?

தொகை சிறியது என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு. பெண்ணிய ஆய்வாளர்கள் மூன்று கேட்டார்கள்: இந்த உழைப்பை அங்கீகரி, இதன் சுமையைக் குறை, இதை ஆணோடு பகிர்ந்து கொடு. அரசு முதலாவதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது. சுமையைக் குறைக்க வேண்டுமானால் ஒவ்வொரு தெருவுக்கும் குழாய்த் தண்ணீர் வேண்டும், வேலை முடிகிற நேரம்வரை திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகம் வேண்டும், முதியோரைப் பார்த்துக்கொள்ள ஊதியம் பெறுகிற ஆள் வேண்டும். இவற்றுக்குச் செலவாகும். பகிர்வதற்கோ அரசுக்குச் செலவே இல்லை, ஆண்களின் வாக்குதான் போகும். அந்த 97 நிமிடத்தைத் தொட எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கைக்கும் துணிச்சல் வரவில்லை.

அரசைச் சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டால் பாவம். 1974இல் மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் மகளிர் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 1986 தேசியக் கல்விக் கொள்கை பெண் சமத்துவத்துக்கான கல்வி என்று தனிப்பகுதியே வைத்தது. பல்கலைக்கழக மானியக் குழு மையங்களுக்கு நிதி தந்தது. எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. எல்லாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் கயிற்றில் தொங்கின. 2017இல் பன்னிரண்டாம் திட்டம் முடிந்ததும் நிதி தொடருமா என்று தெரியாமல் மையங்கள் தவித்தன. இருக்கிற மையங்களும் எப்படி இருக்கின்றன? மார்ச் 8 அன்று கோலப் போட்டி நடத்துகிற மையங்கள் எனக்குத் தெரியும். பெண்களின் ஊதியமற்ற உழைப்பைப் பற்றிய ஒரு கருத்தரங்கில் ஆய்வு மாணவிகள் ஒரே நிறப் புடவை கட்டி, வாசலில் பன்னீரும் சந்தனமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆய்வு மாணவர்கள் உள்ளே உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். அந்த மாணவிகளின் நிமிடங்களை எந்தக் கட்டத்தில் பதிவது?

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் சேரும் விகிதத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் ஆண்களைவிட ஒரு இழை முன்னே இருக்கிறார்கள், 47 விழுக்காட்டுக்கும் மேல். 2022இல் திருமண உதவித் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். தேவதாசி முறையை எதிர்த்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்த விந்தை ஒருவழியாக முடிந்தது. ஆனால் முனைவர் பட்டம் முடித்தவளுக்கு அடுத்து என்ன? கௌரவ விரிவுரையாளர் பணி. 2019இல் மானியக் குழு மாதம் 50,000 ரூபாய்வரை தரலாம் என்றது. நம் அரசுக் கல்லூரிகள் அதன் பிறகும் 20,000 கொடுத்துக்கொண்டிருந்தன. இங்கேயும் ‘கௌரவம்’ என்ற பெயரில்தான் உழைப்பைச் சும்மா வாங்குகிறார்கள்.

ஆய்வு என்றால் நடுநிலை வேண்டும், களத்தில் இறங்கக் கூடாது என்று நெறியாளர்கள் நம்மை எச்சரிப்பார்கள். 930 என்ற எண் நடுநிலையாகத்தான் ஏட்டில் கிடந்தது. பக்கம் சார்ந்த பெண்கள் வந்துதான் அதை அறிக்கையாக்கினார்கள். தரவில் பொய் கூடாது, முறையில் ஓட்டை கூடாது. அதற்கு மேல் நடுநிலை என்று எவரும் நம்மிடம் கேட்பது வாயை மூடு என்பதன் மரியாதையான வடிவம்.

ஆகவே மாணவிகளே, உங்கள் ஆய்வேடு வாய்மொழித் தேர்வு முடிந்ததும் துறை அலமாரிக்குள் போய்விட விடாதீர்கள். பத்துப் பக்கத்தில் தமிழில் சுருக்கி எழுதி, நீங்கள் தரவு வாங்கிய ஊரின் கிராம சபையில் படியுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, எந்த நாளானாலும் சரி; பாதி உறுப்பினர்கள் பெண்கள். காப்பகம் வேண்டும் என்று அங்கே ஒரு தீர்மானம் போடவைத்தால் அதற்கு ஓர் எண் உண்டு, அதைக் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதலாம். அடுத்து, ஆய்வுத் தலைப்புத் தேடுகிறவர்கள் ‘பணிபுரியும் பெண்களின் மன அழுத்தம்’ என்று ஐந்நூறாவது ஆய்வேட்டை எழுத வேண்டாம். படிவத்தை எடுத்துக்கொண்டு ஆண்களிடம் போங்கள். அந்த 97 நிமிடத்தில் என்ன செய்கிறார்கள், மீதி 202 நிமிடத்தை ஏன் செய்வதில்லை என்று கேட்டு எழுதுங்கள்.