அலுங்காமல் குலுங்காமல் போக டீசலா, கேஸா?

“பெட்ரோல் வண்டின்னா அலுங்காம குலுங்காம போகும், டீசல் வண்டியில ஏறினா குடலு வாய்க்கு வந்துடும்.” இதை நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்காதவர் உண்டா? மெக்கானிக்கல் படிக்கும் நம்மில் சிலரே ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து இதே பாட்டைப் பாடுவதுதான் வேதனை. இப்போது பாட்டில் புதுச் சரணம் ஒன்று சேர்ந்திருக்கிறது: “பஸ்ஸையெல்லாம் கேஸுக்கு மாத்திட்டா குலுக்கலே இருக்காது.” நண்பர்களே, இது உண்மையா? இல்லை என்பதே என் கட்சி. எரிபொருள் ஒரு பக்கம், சொகுசு ஒரு பக்கம். இரண்டையும் முடிச்சுப் போட்டதால் நாம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்கிறோம்.

கந்தூரி நாட்களில் நாகூருக்குள் வரும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பஸ்ஸுக்குள் ஒரு குடும்பம் என்ன, ஒரு தெருவே இருக்கும். அடுப்பு, அரிசி மூட்டை, பாய், தலையணை, தண்ணீர்க் குடம் எல்லாம் உள்ளே. நாகூர் முடித்து வேளாங்கண்ணி, வழியில் திருநள்ளாறு என்று இரண்டு மூன்று ராத்திரி வண்டியிலேயே படுக்கை. அமெரிக்காக்காரன் இதைத்தான் ‘மோட்டார் ஹோம்’ என்று பெயர் வைத்துக் கட்டில், குளியலறை, சமையல் மேடை எல்லாம் போட்டு லட்ச டாலருக்கு விற்கிறான். நம் பக்கத்தில் சினிமா ஷூட்டிங் கேரவனும், 2021-ல் கேரள அரசு அறிவித்த கேரவன் சுற்றுலாவும்தான் அதற்குக் கிட்டே வருகிற சங்கதி.

அங்கேயும் இதே சண்டைதான்! ‘கேஸ்’ வண்டி நல்லதா, டீசல் வண்டி நல்லதா என்று. ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவில் ‘கேஸ்’ என்றால் பெட்ரோல். நாம் சொல்லும் கேஸ் சிலிண்டரில் அடைத்த சி.என்.ஜி. இந்தக் குழப்பத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் வேடிக்கை ஒன்று தெரியும். நம் ஊரில் டீசலுக்குக் கெட்ட பெயர். அங்கே பெரிய வீட்டு வண்டிகளில் டீசல்தான் சொகுசு, பெட்ரோல்தான் குலுக்கல்! ஒரே எரிபொருள் இங்கே குலுக்கி அங்கே தாலாட்டுமா? அப்படியானால் குலுக்குவது வேறு ஏதோ.

அது என்ன? அங்கே பெட்ரோல் வீட்டு வண்டிகளில் பெரும்பாலானவை ஃபோர்டின் எஃப்-53 என்ற சேஸிஸ் மேல் கட்டப்படுகின்றன. எஞ்சின் முன்னால், முன் அச்சிலும் பின் அச்சிலும் ஸ்பிரிங் பட்டை. டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மூடி துருத்திக்கொண்டிருக்கும், நம் டவுன் பஸ்ஸில் கூட்டம் ஏறினால் நான்கு பேர் உட்காருவார்களே, அதே மாதிரி. பெரிய டீசல் வீட்டு வண்டியிலோ எஞ்சின் பின்னால். அச்சுகள் காற்றுப் பைகள் மேல் நிற்கின்றன. டீசல் என்பதால் மட்டும் காற்றுப் பை வரவில்லை. அந்தக் கனமான சேஸிஸில் பிரேக்குக்கே அழுத்தக் காற்று வேண்டும். கம்ப்ரஸரும் டாங்கியும் ஏற்கெனவே இருக்கின்றன. அதே காற்றை ஸ்பிரிங்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். பெட்ரோல் சேஸிஸில் ஹைட்ராலிக் பிரேக், அதனால் காற்றே இல்லை. வாங்குகிறவர் பார்ப்பது எரிபொருள் மூடியை. அவர் முதுகு பார்ப்பது அச்சுக்கு மேலே இருப்பதை.

டீசலுக்கு நடுக்கமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அம்பாசிடர் ஓடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் அம்பாசிடர், டீசல் அம்பாசிடர் இரண்டுக்கும் பின்னால் பட்டைதான். ஆனால் டீசல் டாக்ஸி சிக்னலில் நின்றால் கண்ணாடியில் நம் முகமே இரண்டாகத் தெரியும். பெரியவர்கள் சொன்ன பாட்டு அங்கே பிறந்ததுதான். பெட்ரோல் எஞ்சினில் அமுக்க விகிதம் சுமார் 10. டீசலில் 16-க்கு மேல். அமுக்கத்தின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்வதால் அழுத்தம் சடாரென்று ஏறும், ‘டக டக’ என்று தட்டும். காமன் ரெயில் வந்தபிறகு முதலில் ஒரு சொட்டு, பிறகு மீதி என்று பீய்ச்சுவதால் அந்தத் தட்டலும் குறைந்துவிட்டது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 600 ஆர்.பி.எம்.மில் நின்று ஓடினால் விநாடிக்கு 30 முறை வெடிப்பு. இது ஜன்னலையும் கம்பியையும் நடுங்க வைக்கும், காதைக் கெடுக்கும். ஆளைத் தூக்கிப் போடாது! ஆளைத் தூக்கிப் போடுவது விநாடிக்கு ஒன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு வரையான ஆட்டம். நம் உடம்பு மேலும் கீழுமான ஆட்டத்தில் மிகவும் நோவது சுமார் 4 முதல் 8 ஹெர்ட்ஸுக்குள். வயிறும் முதுகுத் தண்டும் கூடவே ஆட ஆரம்பிக்கிற இடம் அது. இந்த எல்லைக்குள் எஞ்சினுக்கு வேலையே இல்லை. இங்கே ராஜ்ஜியம் பண்ணுவது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர், ரோடு.

இரண்டாம் வருஷத்தில் படித்ததைத்தான் சொல்கிறேன், கொட்டாவி விட வேண்டாம். பளு ஏறியதும் ஸ்பிரிங் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் வண்டி ஆடும் வேகம் ஹெர்ட்ஸில் வரும். நிறைந்த பஸ்ஸில் பட்டை 100 மி.மீ. அமுங்கினால் 1.58 ஹெர்ட்ஸ். அது நாம் நடக்கிற ஆட்டம்தான், உடம்புக்குப் பழக்கம். கூட்டம் இறங்கிப் பளு பாதியானால் அமுங்கலும் 50 மி.மீ.; ஆட்டம் 2.23 ஹெர்ட்ஸ். அதாவது, முழு லோடுக்கென்று செய்த பட்டை காலி வண்டியில் கட்டைதான். மத்தியானம் ஆளில்லாத டவுன் பஸ் ஏன் தகர டப்பா மாதிரி குதிக்கிறது என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு கொடுமையும் உண்டு. பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உரசுகின்றன. சின்ன மேட்டில் அந்த உராய்வை மீற முடியாமல் பட்டை அசையவே அசையாது. அப்போது மொத்த வண்டியும் டயரின் காற்றில் மட்டும் துள்ளும், 3, 4 ஹெர்ட்ஸில். உடம்பு நோகும் எல்லையின் வாசலுக்கே வந்தாயிற்று! நம் கடற்கரை உப்புக் காற்றில் பட்டை துருவேறினால் கேட்கவே வேண்டாம். கிரீஸ் கண்டு எத்தனை மாதமோ என்று தோன்றும் பட்டைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

காற்றுப் பை என்ன செய்கிறது? ஆள் ஏறினால் லெவலிங் வால்வு இன்னும் காற்றை விட்டு உயரத்தைச் சமன் செய்கிறது. இறங்கினால் காற்றை வெளியே விடுகிறது. பளுவோடு கூடவே விறைப்பும் ஏறி இறங்குவதால் காலி வண்டியும் நிறைந்த வண்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடும். இவ்வளவுதான் ரகசியம். (ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும்: மெத்தென்று ரொம்ப மெதுவாக அசைந்தால் சிலருக்குத் தலைசுற்றும். எலுமிச்சம்பழத்தோடு ஏறும் பாட்டிமாருக்கு எந்த வண்டியும் ஒன்றுதான்!)

சாட்சி வேண்டுமா? டெல்லியைப் பாருங்கள். 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2002 முடிவதற்குள் அங்கே நகர பஸ்கள் சி.என்.ஜி.க்கு மாறின. புகை குறைந்தது, நல்ல காரியம். குலுக்கல் குறைந்ததா? லாரி சேஸிஸ் மேல் கட்டிய பழைய பஸ் கேஸில் ஓடினாலும் லாரி மாதிரிதான் ஓடியது. 2010 காமன்வெல்த் போட்டியை ஒட்டித் தாழ்தள பஸ்கள் ஏராளமாக வந்தபோதுதான் ஜனங்கள் வித்தியாசத்தைக் கண்டார்கள். எரிபொருள் அதே கேஸ். எஞ்சின் பின்னால் போயிற்று, அச்சுக்கு மேல் காற்றுப் பை வந்தது. மறுபக்கம், 2001-ல் இந்தியச் சாலைக்கு வந்த வால்வோ பி7ஆர் டீசல் வண்டிதானே? தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம் என்று நம்மவர்கள் முதலில் கண்டது அதில்தான். 2024 ஆகஸ்டில் சென்னை மாநகரப் பேருந்தில் விட்ட தாழ்தள வண்டிகளும் டீசல்தான். நிறுத்தத்தில் ஒரு பக்கமாகக் குனிந்து கொடுக்கின்றன. அந்தக் குனியலே காற்றுப் பையின் வேலை.

இப்போது நம் தஞ்சைத் தரணிக்கு வருவோம். இங்கே ரோடு என்றால் வயலுக்கு நடுவே களிமண் மேல் போட்ட கரை. கூப்பிடு தூரத்துக்கு ஒரு வாய்க்கால், ஒரு மதகு, ஒரு குழாய்ப் பாலம். பாலம் அஸ்திவாரத்தில் நிற்கும், அமுங்காது. இரண்டு பக்கத்து மண் மழைக்கு மழை அமுங்கும். ஆகவே ஒவ்வொரு பாலத்துக்கும் ஏற ஒரு தூக்கு, இறங்க ஒரு போடு! சிவில் நண்பர்களே, இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. இடையில் ரோடு அலை அலையாக இருந்தால் இன்னும் மோசம். 8 மீட்டருக்கு ஓர் அலை, வண்டி 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு இரண்டு தூக்குக்கு மேல். பாதிக் காலி பஸ்ஸின் பட்டையும் ஏறக்குறைய அதே தாளத்தில்தான் ஆடும். ஊஞ்சலைச் சரியான சமயத்தில் தள்ளுவது போலத்தான். 40-க்கு வேகத்தைக் குறைத்தால் ஆட்டம் அடங்கிவிடும். அனுபவப்பட்ட டிரைவருக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும்.

கடைசி சீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். பின் அச்சுக்குப் பின்னால் வண்டி நீளலாம், வீல்பேஸில் 60 சதவீதம் வரை என்பது மத்திய மோட்டார் வாகன விதி. 222 அங்குல வீல்பேஸுக்கு அது 3.3 மீட்டருக்கு மேல். நெம்புகோலின் நுனியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அர்த்தம். நோயாளியோ கர்ப்பிணியோ இருந்தால், சீட் கிடைத்த சந்தோஷத்தில் பின்னால் போகாமல், இரண்டு அச்சுக்கும் நடுவே இடம் கேட்டு வாங்குங்கள்.

பட்டறையில் ஒரு நானாவிடம் இந்த வாதத்தை வைத்தேன். “தம்பி, காத்துப் பை வெடிச்சா வண்டி நடுரோட்டுல குந்திக்கும். பட்டையில ஒண்ணு ஒடஞ்சாலும் மெள்ள உருட்டிக்கிட்டு வந்து சேந்துடலாம்” என்றார். நியாயமான பேச்சு. வால்வு, பை, சென்சார் என்று செலவும் கூடும். பார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். ஆனால் பட்டையின் செலவை யார் தருகிறார்கள் என்றும் கேட்க வேண்டாமா? நாகூரிலிருந்து தஞ்சாவூர் மெடிக்கலுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஆபரேஷன் வயிற்றோடு போய் வருகிறவர் தருகிறார். முப்பது வருஷம் சீட்டில் உட்கார்ந்து, ரிட்டயர் ஆகும்போது நிமிர முடியாத டிரைவர் தருகிறார். அது எந்த டிப்போ கணக்கிலும் ஏறுவதில்லை.

1997 வரை சோழன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த நம் கும்பகோணம் கழகத்தின் வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப்பில் நின்றதும் ‘புஸ்ஸ்’ என்று காற்று விடும் சத்தம் கேட்கிறதே, அது ஏர் பிரேக். அழுத்தக் காற்று அந்த வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது! கம்ப்ரஸரின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், தனி டாங்கி வேண்டும், அவ்வளவே. 2024-ல் தமிழ்நாட்டிலும் சில அரசு பஸ்களை டீசலிலிருந்து சி.என்.ஜி.க்கு மாற்றி ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வரவேற்போம். ஆனால் டாங்கியைக் கழற்றிச் சிலிண்டரை மாட்டிவிட்டுப் பழைய பட்டையை அப்படியே விட்டால், புகையில்லாத குலுக்கல்தான் கிடைக்கும். சிலிண்டர் எடையை எங்கே வைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கூரை மேல் ஏற்றினால் வளைவில் சாய்வது கூடும். புது வண்டி வாங்கும்போது பின் அச்சுக்காவது காற்றுப் பை என்று நிபந்தனை போடச் சொல்லுவோம். அதுவரை பழைய வண்டிக்குப் பட்டையைக் கழற்றித் துரு சுரண்டி கிரீஸ் போடுவது, ஷாக்கிள் புஷ்ஷை மாற்றுவது, ஒழுகும் ஷாக் அப்சார்பரை மாற்றுவது, டயரில் பளுவுக்கேற்ற காற்று வைப்பது. அப்ரண்டிஸாக டிப்போவுக்குள் போகப் போகிற நம் கைக்கு எட்டுகிற வேலைகள் இவை.

வெறும் பேச்சு வேண்டாம் என்பவர்களுக்கு ஃபைனல் இயர் பிராஜெக்ட் ஒன்று இதில் காத்திருக்கிறது. நம் எல்லோர் பையிலும் இருக்கும் செல்போனுக்குள் ஆக்ஸிலரோமீட்டர் இருக்கிறது. நாகூர் – நாகப்பட்டினம் – வேளாங்கண்ணி ரூட்டில் பட்டை வண்டி ஒன்று, காற்றுப் பை வண்டி ஒன்று. நடு சீட், கடைசி சீட் இரண்டிலும் போனைத் தரையில் ஒட்டி வைத்து, காலை நெரிசலில் ஒரு தடவை, மத்தியானக் காலியில் ஒரு தடவை அளக்க வேண்டும். பஸ் டிக்கெட்டைத் தவிர வேறு செலவில்லை. கடைசி சீட்டுக்கு நான் வருகிறேன். நடு சீட்டுக்கு ஆள் தேவை.