செயலிகள் ஒன்றோடொன்று பேசட்டும்

சுவிட்சர்லாந்து தேசத்தின் பெர்ன் நகரிலே 1874-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 22 நாடுகளின் பிரதிநிதிகள் ஒன்றுகூடிச் செய்துகொண்ட தபால் உடன்படிக்கை, மனித சமூகம் தனக்குத்தானே செய்துகொண்ட உபகாரங்களுள் மிகப் பெரியதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதுமான ஒன்று என்பது என் அபிப்பிராயம். அதற்கு முன்பு ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்துக்குக் கடிதம் போக வேண்டுமானால், அவ்விரு தேசங்களுக்கும் இடையே தனி ஒப்பந்தம் இருக்க வேண்டும். வழியில் குறுக்கிடும் ஒவ்வொரு ராஜ்யமும் தன் பங்குக் கூலியைக் கேட்கும். எந்தக் கடிதத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று கணக்கிடுவதே தனி சாஸ்திரமாக இருந்தது. பெர்ன் உடன்படிக்கையோ, அதில் சேர்ந்த நாடுகள் யாவற்றையும் கடிதப் போக்குவரத்தின் பொருட்டு ஒரே பிரதேசமாகப் பாவித்தது. இந்தியா 1876-ல் அதில் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் ஒருவர் பிரெஞ்சுத் தபால்தலையை ஒட்டித் தபாற்பெட்டியில் போட்ட கடிதத்தை, பிரிட்டிஷ் இந்தியாவின் தபால்காரர் காரைக்குடியில் அவர் வீட்டுத் திண்ணையிலே கொண்டுவந்து கொடுத்தார். "நீங்களும் பிரெஞ்சுத் தபாலில் பெயரைப் பதிந்துகொண்டால்தான் இதைத் தருவேன்" என்று அவர் சொல்லவில்லை.

இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியோ அப்படித்தான் சொல்லுகிறது. வாட்ஸ்அப்பில் இருப்பவர் சிக்னலில் இருப்பவருக்கு ஒரு வரி எழுத முடியாது. டெலிகிராமில் இருப்பவர் 'அரட்டை' என்ற செயலியில் இருப்பவருக்கு எழுத முடியாது. ஒரே திரையில் அடுத்தடுத்து வீற்றிருக்கும் இரண்டு செயலிகள் பரஸ்பரம் முகம் பார்ப்பதில்லை. இது யந்திரத்தின் இயற்கை என்று எண்ணுவோமானால் ஏமாந்துபோவோம். ஜியோ எண்ணிலிருந்து ஏர்டெல் எண்ணை அழைக்கிறோம், எஸ்.எம்.எஸ். எந்தக் கம்பெனியிலிருந்தும் எந்தக் கம்பெனிக்கும் போகிறது. 1982-ல் எழுதப்பட்ட ஒரு பொது விதியின் புண்ணியத்தால், மின்னஞ்சல் எந்த ஸ்தாபனத்தின் பெட்டியிலிருந்தும் எந்த ஸ்தாபனத்தின் பெட்டிக்கும் போய்ச் சேருகிறது. நாம் அன்றாடம் அதிகமாகப் பேசுகிற இந்த ஒரு வழியில் மட்டும், பேசுகிற இருவரும் ஒரே முதலாளியின் வாடிக்கைக்காரராக இருந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் நிலைத்துவிட்டது. அது தானாக நிலைத்ததன்று, நிலைநிறுத்தப்பட்டது.

சரித்திரம் அப்படியொன்றும் பழையதல்ல. இஸ்ரேலைச் சேர்ந்த மிராபிலிஸ் என்ற சிறு கம்பெனி 1996-ல் ஐ.ஸி.க்யூ. என்ற செயலியை வெளியிட்டது. அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஏ.ஓ.எல். தன் மெசஞ்சரைத் தனியே விட்டது. 1998-ல் யாஹூவும் 1999-ல் மைக்ரோசாப்டும் பின்தொடர்ந்தன. நம் ஊர்ப் பிரவுசிங் சென்டர்களில் பலகைத் தடுப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, முன்பின் அறியாத ஒருவரிடம் வயதையும் பாலினத்தையும் ஊரையும் 'ஏ.எஸ்.எல்.' என்ற மூன்றெழுத்தில் விசாரித்த தலைமுறைக்கு யாஹூ மெசஞ்சரின் மஞ்சள் முகங்கள் இன்னும் ஞாபகத்தில் இருக்கும். (அந்த விசாரணைக்கு வந்த பதில்களில் எத்தனை மெய் என்பது வேறு விஷயம்.)

இவற்றுள் மைக்ரோசாப்டின் பிரவேசம்தான் நம் விஷயத்துக்கு முக்கியமானது. 1999 ஜூலையில் வெளிவந்த எம்.எஸ்.என். மெசஞ்சர், ஏ.ஓ.எல். செயலி தன் சர்வர் நிலையத்தோடு எவ்வாறு பேசுகிறது என்பதைக் கவனித்துக் கற்றுக்கொண்டு, தன் உபயோகஸ்தர்கள் ஏ.ஓ.எல். நண்பர்களோடும் பேசும்படி செய்தது. ஏ.ஓ.எல். உடனே வழியை அடைத்தது. மைக்ரோசாப்ட் அடைப்பைத் தாண்டியது. மறுபடியும் அடைப்பு, மறுபடியும் தாண்டல் என்று அந்த விளையாட்டு வாரக்கணக்கில் நீடித்தது. இறுதியில் ஏ.ஓ.எல்., தன்னுடைய சொந்தச் செயலியில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறையையே உபயோகித்து, வந்திருப்பது தன் பிள்ளையா அயலானா என்று கண்டுபிடிக்கும் தந்திரத்தைக் கையாண்டபோது மைக்ரோசாப்ட் ஓய்ந்தது. அந்தக் குறையை அம்பலப்படுத்துமாறு ஒரு பாதுகாப்பு நிபுணருக்குப் பொய்ப் பெயரில் கடிதம் எழுதப்பட்டதும், அக்கடிதம் மைக்ரோசாப்டின் கணினியிலிருந்தே புறப்பட்டது என்று வெளிப்பட்டதும் இந்த நாடகத்தின் ஹாஸ்யக் காட்சிகள். பொது விதி வேண்டும், எல்லோரும் எல்லோரோடும் பேச வேண்டும் என்று அன்று உரத்துச் சொன்னது மைக்ரோசாப்ட். ஏனென்றால் அந்தத் துறையில் அன்று அது சிறியது.

பொது விதியும் பிறக்காமல் இல்லை. ஜெரமி மில்லர் என்ற அமெரிக்க இளைஞர் 1999 தொடக்கத்தில் அறிவித்த ஜாபர் என்னும் முயற்சி, 2004-ல் எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் இணையத்தின் அங்கீகாரம் பெற்ற விதியாயிற்று. கூகுள் 2005-ல் தன் டாக் சேவையை அதன்மேல் கட்டி, பிறகு மற்றவர்களுடைய நிலையங்களோடும் செய்தி மாற்றிக்கொள்ளக் கதவைத் திறந்து வைத்தது, பலரும் புகழ்ந்தார்கள், 2013-ல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவு சாத்தப்பட்டது. பேஸ்புக் 2010-ல் அதே விதியின் மூலம் அயல் செயலிகள் தன் அரட்டைக்குள் வர இடம் கொடுத்து, 2015-ல் அதை நிறுத்திக்கொண்டது. 2009-ல் தோன்றிய வாட்ஸ்அப்போ அந்தப் பொது விதியின் ஒரு திருத்திய வடிவத்தைத் தன் அஸ்திவாரமாகக் கொண்டு, வாசல் மட்டும் வைக்காமல் வீட்டைக் கட்டியது. சிறியவனாக இருக்கும்வரை திறந்த கதவைப் பற்றி உபதேசிப்பதும், பெரியவனான பிறகு தாழ்ப்பாளைத் தேடுவதும் இந்த வியாபாரத்தின் ஸ்வபாவம். தனி மனிதர்களின் குணதோஷத்துக்கு அதில் பங்கு குறைவு. நண்பர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் நாமும் இருக்க முடியும் என்ற நிலைதான் இக்கம்பெனிகளின் மூலதனம். 2014-ல் பேஸ்புக் 1,900 கோடி டாலர் கொடுத்து வாட்ஸ்அப்பை வாங்கியதாக அறிவித்தபோது, விலை பேசப்பட்டது செயலிக்கு அன்று. நம் அத்தைமார்களும் மாமன்மார்களும் பள்ளித் தோழர்களும் அதற்குள் இருந்தார்கள் என்பதற்கே.

அதனால்தான் 2021 ஜனவரியில் வாட்ஸ்அப், உபயோகஸ்தர் தகவல்களைப் பேஸ்புக்கோடு பகிர்வது பற்றிய தன் நிபந்தனைகளை மாற்றி, ஒப்புக்கொள்ளுங்கள் என்று அறிவித்தபோது எழுந்த கோபம் அத்தனையும் பெரும்பாலும் கோபமாகவே நின்றுவிட்டது. இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அந்த விவகாரத்துக்காக, பேஸ்புக்கின் இன்றைய பெயரான மெட்டா கம்பெனிக்கு ரூ.213.14 கோடி அபராதம் விதித்தது. விதிக்கட்டும். ஆனால் தெரு குரூப்பும் பள்ளி குரூப்பும் சம்பந்தி வீட்டுக் குரூப்பும் எங்கே இருக்கின்றனவோ அங்கிருந்து ஒருவர் தனியே கிளம்பிப்போவது, கொள்கைப் பிடிப்புள்ள காரியமாக இருக்கலாமேயன்றி லௌகிகத்துக்கு ஒத்துவருவதில்லை.

இந்த நிலையில்தான் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் அரட்டை செயலி, 2021-லேயே வெளிவந்து அதிக ஆரவாரமின்றி இருந்துவிட்டு, 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென்று நாடெங்கும் பேசப்பட்டது. தமிழ்ப் பெயர் தாங்கிய ஒன்று தேசத்தின் தரவிறக்கப் பட்டியலில் முன்னே நின்றதைக் கண்டு நான் மகிழ்ச்சி அடையவில்லை என்றால் அது பொய். ஆயினும் ஒரு முதலாளியின் அடைத்த வீட்டிலிருந்து இன்னொரு முதலாளியின் அடைத்த வீட்டுக்குக் குடிபோவது, அந்த வீடு நம் தமிழ்நாட்டிலேயே இருந்தாலும், குடியிருப்பவனுக்கு விடுதலை ஆகாது. இதை ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்புவும் அறிந்தே இருக்கிறார். இத்தகைய செயலிகள் மின்னஞ்சலையும் யு.பி.ஐ.யையும் போல ஒன்றோடொன்று இணைந்து இயங்க வேண்டும், ஏகபோகம் தமக்கு வேண்டாம் என்று அவர் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய நேர்மையைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் ஒன்றும் இல்லை. ஆனால் மேலே சொன்ன சரித்திரத்தைப் படித்தவன், அந்த வாக்குறுதி நிறுவனத்தின் நல்லெண்ணத்தில் மட்டும் தங்கியிருக்கக் கூடாது, அவர்கள் பெரியவர்களாகும் நாளிலும் கட்டுப்படுத்தும்படியான சட்டத்தில் தங்கியிருக்க வேண்டும் என்றே விரும்புவான்.

யு.பி.ஐ. என்ற உதாரணம் பொருத்தமானதே. 2016-ல் அது வந்தபோது, பணம் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே செயலியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாதபடி விதி செய்யப்பட்டது. ஆகையால் டீக்கடைக்காரர் ஒட்டி வைத்திருப்பது போன்பே அட்டையாக இருந்தாலும், ஜிபே வைத்திருப்பவர் கவலையின்றி டீ குடிக்கிறார். இரண்டே கம்பெனிகள் அதிலும் பெரும்பங்கை வைத்திருக்கின்றன என்பது உண்மை. இருந்தும், அவற்றில் ஒன்றை இன்று விட்டு நாளை வேறொன்றுக்குப் போகிறவர் தம் டீக்கடைக்காரரை இழப்பதில்லை. நான் கேட்பதும் இதற்கு மேல் அன்று.

ஆட்சேபங்கள் உண்டு. அவற்றுள் கனமானது ரகசியத்தைப் பற்றியது: அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் எவரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டி அனுப்பும் முறையை வாட்ஸ்அப் 2016-ல் முழுமையாக்கியது, இரு வேறு கம்பெனிகளின் செயலிகள் பேசிக்கொண்டால் அந்தப் பூட்டு தளர்ந்துவிடாதா என்று கேட்கிறார்கள். இது அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி அல்ல, வேலை கடினமானதே. எனினும் குழுக்களுக்கான அத்தகைய பூட்டுக்கு 2023-ல் ஒரு பொது விதி வெளியாகியிருக்கிறது. ஐரோப்பிய யூனியன் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் மூலம், மற்றச் சேவைகள் கேட்டால் வாட்ஸ்அப்பும் பேஸ்புக் மெசஞ்சரும் அவற்றோடு இணைய வேண்டும், இணைந்தாலும் ரகசியத்தின் தரம் குறையக்கூடாது என்று 2024 மார்ச் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் அவசரப்படவுமில்லை: முதலில் இருவருக்கிடையேயான செய்தியும் படமும், பிறகு குரூப், அதற்குப் பிறகே அழைப்பு என்று படிப்படியாகக் காலம் வகுத்திருக்கிறது. வேண்டாத விளம்பரம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து குவியும் என்ற இன்னொரு ஆட்சேபத்துக்கு நான் நீண்ட பதில் சொல்லப்போவதில்லை. இப்போது மட்டும் அவை வராமலா இருக்கின்றன?

சட்டம் இயற்றுவது டில்லியின் காரியம், காலம் பிடிக்கும். அதற்கு முன்பே, எந்தப் பார்லிமெண்டையும் கேளாமல் நம் சர்க்கார் ஸ்தாபனங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்னை மெட்ரோ 2023 முதல் வாட்ஸ்அப்பில் டிக்கெட் தருகிறது. ஆந்திர அரசாங்கம் 2025 ஜனவரியில் 'மன மித்ரா' என்ற பெயரில் நூற்றுக்கு மேற்பட்ட அரசுச் சேவைகளை வாட்ஸ்அப் வழியே வழங்கத் தொடங்கியது. ஜனங்களுக்கு இதனால் சௌகரியம் என்பதில் ஐயமில்லை, அதிகாரிகளைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் 2021 அக்டோபர் 4-ஆம் தேதி வாட்ஸ்அப்பை நடத்தும் கம்பெனியின் சேவைகள் யாவும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் ஸ்தம்பித்து நின்றதை மறந்துவிட்டு, பிரஜைக்கும் சர்க்காருக்கும் இடையே உள்ள வழியை அந்த ஒரே கம்பெனியின் முற்றத்தில் போடுவது விவேகம் ஆகாது. இத்தகைய சேவைக்கு இனி டெண்டர் விடும் ஒவ்வொரு இலாகாவும், இதே டிக்கெட்டையும் இதே சான்றிதழையும் பொது விதிப்படி இயங்கும் வேறெந்தச் செயலியிலிருந்தும் பிரஜை கேட்டுப் பெற இயல வேண்டும் என்ற ஒரு ஷரத்தைச் சேர்க்கட்டும். அதற்குச் சம்மதிக்காத கம்பெனி, எவ்வளவு பெரியதானாலும், ஒப்பந்தம் இன்றித் திரும்பிப் போகட்டும்.