கட்டாத வீட்டுக்குக் கொடுத்த பணம்

கத்தரிக்காய் வாங்கினால் கையில் எடுத்துப் பார்க்கிறோம். சேலை வாங்கினால் விரித்துப் பார்க்கிறோம். ஆனால் 50 லட்சம் ரூபாய் கொடுத்து "பிளாட்" வாங்கும்போது? படத்தைப் பார்க்கிறோம். மனையில் ஒரு பள்ளம் இருக்கும். அவ்வளவுதான். பணம் முதலில் போகிறது. வீடு பிறகு வருகிறது.

வராவிட்டால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

50 லட்சம் ரூபாய் வீடு. வங்கியில் 40 லட்சம் கடன். நூற்றுக்கு எட்டரை வட்டி, 20 ஆண்டு தவணை என்றால் மாதம் சுமார் 35 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை 15 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஆக, மாதம் 50 ஆயிரம்! புது வீடு ஓராண்டு தாமதமானால் வாடகையில் மட்டும் 1 லட்சத்து 80 ஆயிரம் போய்விடும். பிள்ளையின் கல்லூரிச் செலவும், மகளின் கல்யாணச் செலவும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை.

பணம் எங்கே போயிற்று?

கட்டுகிறவர் ஏன் தாமதம் செய்கிறார்? சிமெண்டு கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். அதுவும் உண்டு. ஆனால் பல இடங்களில் காரணம் வேறு. இந்தக் கட்டிடத்துக்கு நாம் கொடுத்த பணத்தைக் கொண்டு அடுத்த ஊரில் மனை வாங்கிவிடுவார்கள். அங்கே வசூலாகும் பணத்தைக் கொண்டு மூன்றாவது மனை. சக்கரம் சுழலும் வரையில் யாருக்கும் தெரியாது. வியாபாரம் படுத்தால் எல்லாக் கட்டிடமும் பாதியில் நிற்கும்.

டெல்லியை அடுத்த நொய்டாவில் இதுதான் நடந்தது. "அம்ரபாலி" நிறுவனத்திடம் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பணம் கட்டிக் காத்திருந்தன. அந்தப் பணம் வேறு காரியங்களுக்குத் திருப்பி விடப்பட்டது என்று சுப்ரீம் கோர்ட்டு கண்டது. 2019-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி தீர்ப்பு வந்தது. மீதி வேலையை முடிக்கும் பொறுப்பு ஒரு சர்க்கார் நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது.

நூற்றுக்கு எழுபதா, ஐம்பதா?

இதைத் தடுக்கத்தான் "ரெரா" என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. வாங்குவோர் கொடுக்கும் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். அந்தக் கட்டிடத்துக்கும் அதன் மனைக்கும் மட்டுமே அதைச் செலவிடலாம். வேலை எவ்வளவு நடந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் எடுக்கலாம். அதற்கும் எஞ்சினீயர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுக்க வேண்டும்.

இந்த 70 எளிதில் வந்துவிடவில்லை. 2013-ம் ஆண்டு மசோதாவில் 70 என்று இருந்தது. அதற்கும் குறைவாக வைத்துக்கொள்ள இடமும் விட்டிருந்தார்கள். 2015-ம் ஆண்டு ஏப்ரலில் மத்திய மந்திரிசபை அதை 50 ஆக்கியது. ராஜ்ய சபையின் தேர்வுக் குழு வாங்குவோர், கட்டுவோர் இரு தரப்பையும் கேட்டு ஜூலையில் அறிக்கை தந்தது. அதிலும் "50-க்குக் குறையாமல்" என்றுதான் இருந்தது.

20 பங்கு என்பது சின்னக் கணக்கு அல்ல. 50 லட்சம் ரூபாய் வீட்டில் அது 10 லட்சம். 100 வீடு உள்ள கட்டிடத்தில் 10 கோடி! அடுத்த மனைக்குப் பணம் தயார்.

கட்டுவோர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மனை வாங்க வங்கிகள் அவர்களுக்குக் கடன் கொடுப்பதில்லை. வெளியே வாங்கினால் வட்டி அதிகம். "சர்க்கார் ஆபீசில் அனுமதி தாமதமானால் அதற்கு நாங்களா பொறுப்பு? அனுமதி தரும் அதிகாரிகளையும் சட்டத்துக்குள் கொண்டு வாருங்கள்" என்று அவர்களுடைய அகில இந்தியச் சங்கமான "கிரெடாய்" கேட்டது. நல்ல கேள்விதான். அதிகாரிகள் இன்றும் வெளியேதான் இருக்கிறார்கள்.

கட்டுவோருக்குச் சங்கம் உண்டு, டெல்லியில் ஆபீஸ் உண்டு. வாங்கியவர்களுக்கு ஏது? ஏமாந்தவர்களே ஊர் ஊராகக் கூடினார்கள். மனுக் கொடுத்தார்கள். எம்.பி.க்களைப் பார்த்தார்கள். 2015 டிசம்பரில் மந்திரிசபை மீண்டும் 70-க்குத் திரும்பியது. 2016-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி ராஜ்ய சபையும், 15-ந் தேதி லோக் சபையும் மசோதாவை நிறைவேற்றின. தமிழ்நாட்டில் 2017 ஜூன் 22-ந் தேதி விதிகள் வெளியாயின.

சட்டம் வந்த பிறகும் அவர்கள் ஓயவில்லை. மேற்கு வங்காளம் "ரெரா"வை விட்டுவிட்டுத் தனிச் சட்டம் செய்துகொண்டது. வாங்குவோர் அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2021-ம் ஆண்டு மே 4-ந் தேதி அந்தத் தனிச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

கையில் உத்தரவு, பணம்?

சட்டத்தில் வேறு நன்மைகளும் உண்டு. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுமுன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. சுவருக்குள் உள்ள உபயோகமான இடத்தைத்தான் அளவாகச் சொல்ல வேண்டும். வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். 2014-ம் ஆண்டு மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டதை நினைப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் வசூல்தான் கஷ்டம். பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடு என்று உத்தரவாகிறது. கட்டுகிறவர் கொடுக்கவில்லை. அப்போது நிலவரிப் பாக்கி போல அதை வசூலிக்க வேண்டும். அந்த வேலை கலெக்டர் ஆபீசுக்குப் போகிறது. அங்கே ஏற்கனவே ஆயிரம் வேலை! உத்தரவுக் காகிதத்தோடு நடையாய் நடப்பவர்கள் பலர். ஆறுதலாக ஒன்று உண்டு. வாங்கியவருக்குத் தர வேண்டிய தொகையைக் கட்டிவிட்டுத்தான் கட்டுமானக்காரர் அப்பீல் செய்ய முடியும். 2021 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

இன்னொரு ஓட்டை இருக்கிறது. நம் தெருக்களில் தினம் பார்ப்பது. மனை 500 சதுர மீட்டருக்குள் அல்லது வீடு எட்டுக்குள் என்றால் பதிவு தேவையில்லை. சென்னைக் கணக்கில் 2 கிரவுண்டு என்பது 446 சதுர மீட்டர்தான். பழைய வீட்டை இடித்து 6 பிளாட் கட்டுகிறார்களே, அதற்குப் பதிவும் கிடையாது, 70 பங்குக் கணக்கும் கிடையாது. அங்கே ஏமாந்தவர் நுகர்வோர் கோர்ட்டுக்கோ சிவில் கோர்ட்டுக்கோதான் போக வேண்டும்.

இந்த அளவைக் குறைத்துக்கொள்ள மாநில சர்க்காருக்குச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. கோட்டையில் ஓர் உத்தரவு போட்டால், அந்த 6 வீட்டுக் கட்டிடமும் கணக்குக் காட்ட வேண்டி வரும்.