ஹைஜாக் என்றால் கடத்தலா?

தங்கத்தைக் கொண்டுவந்தாலும் கடத்தல், ஆளைத் தூக்கிக்கொண்டு போனாலும் கடத்தல். ஆற்று மணலும் கடத்தல், செம்மரமும் கடத்தல். வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தால் அது காலம் கடத்தல். செம்புக் கம்பி கூட மின்சாரத்தைக் கடத்துகிறது, பாவம் அது என்ன குற்றம் செய்ததோ :-) இத்தனையும் சுமக்கிற அதே சொல்லின் தலையில்தான் தமிழ்ப் பத்திரிகைகள் ஹைஜாக்கையும் ஏற்றி வைத்திருக்கின்றன.

'விமானக் கடத்தல்' என்றால் புரிந்துவிடுகிறது, சரி. ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப் போகிறது. தங்கம் கடத்துபவன் பொருளை மறைக்கிறான். ஆள் கடத்துபவன் ஆளை வேறு இடத்துக்குக் கொண்டு போகிறான். ஹைஜாக்கிலோ அதே விமானம், அதே பைலட், பயணிகளும் அதே சீட்டில். எங்கே போவது என்று முடிவு செய்கிற ஆள் மட்டும் மாறிவிடுகிறான்.

1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவில் இருந்து டெல்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் ஐசி 814, அமிர்தசரஸ், லாகூர், துபாய் என்று இறங்கி ஏறி கடைசியில் கந்தஹாரில் போய் நின்றது. ஒரு பயணி கொல்லப்பட்டார். டிசம்பர் 31 அன்று, இந்தியச் சிறையில் இருந்த மூன்று பேரை விடுவித்த பிறகுதான் விமானத்தில் மீதி இருந்தவர்கள் வெளியே வர முடிந்தது. அத்தனை நாளும் அவர்கள் டெல்லி பயணிகள்தான்!

இந்தச் சொல் விமானத்துக்கு வந்தது பிற்பாடுதான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில், கள்ளச்சாராயம் ஏற்றி வரும் லாரியை வழிமறித்துப் பறிப்பதற்கு இந்தப் பெயர் புழங்கியது. திருடனிடமே திருடுவது. பறிகொடுத்தவன் போலீசுக்கும் போக முடியாது. (துப்பாக்கியை நீட்டி "ஹை, ஜாக்" என்று கையைத் தூக்கச் சொன்னதால் வந்த பெயர் என்பார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை.)

ஆக, போய்க்கொண்டிருப்பதை வழியில் பிடித்துத் திருப்ப வேண்டும். 2022-ல் 'பீஸ்ட்' படம் வந்தபோது எல்லோரும் 'மால் ஹைஜாக்' என்றார்கள். நின்ற இடத்திலேயே நிற்கிற மாலை எங்கே திருப்புவது? அது பணயக்கைதி விவகாரம்.

சினிமாவில் தப்பாகச் சொன்னால் நஷ்டமில்லை. "மீட்டிங்கை ஹைஜாக் பண்ணிட்டான்" என்பதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. ஹாஸ்டல் மெஸ் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் ஒருவன் எழுந்து மாணவர் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டால், தாராளமாகச் சொல்லலாம். ஆனால் மெஸ் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்பவனுக்கும் இதே பட்டம்தான் கிடைக்கிறது. அவன் கூட்டத்தை எங்கேயும் திருப்பவில்லை, போக வேண்டிய இடத்துக்குப் போகத்தான் சொல்கிறான்.

இந்தியாவின் 2016-ம் ஆண்டுச் சட்டப்படி விமானத்தை ஹைஜாக் செய்தால் குறைந்தது ஆயுள் தண்டனை, உயிர் போனால் மரண தண்டனை வரை போகலாம். நம்பும்படி மிரட்டினாலே குற்றம். அப்படிப்பட்ட சொல்லைத் தூக்கி ஒருவன் மேல் போட்டால் கேட்டவன் குற்றவாளி ஆகிவிடுகிறான், பதில் சொல்ல வேண்டியவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். அடுத்த மீட்டிங்கில் அவன் வாய் திறக்க மாட்டான். மெஸ் கணக்கும் வராது.